வண்டி மாத்துற ஊர்ப் பொண்ணு

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட" என்று நீ நேற்று அனுப்பிய ஒற்றை வரிக்கு உன்னைப் பெற்றவள் எழுதும் பதில் இது. நீ நலமாகத்தான் இருப்பாய், அதைக் கேட்கப் போவதில்லை. பாரிஸ் பக்கத்தில் பெரியப்பா வீட்டு மாடி அறை, பெரியம்மா கைச் சாப்பாடு, உட்கார் என்றால் உட்கார்ந்து எழுந்திரு என்றால் எழுந்திருக்கிற பழக்கம். இப்படி இருக்கிறவனுக்கு என்ன குறை வரப்போகிறது? போனில் பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். இதை உன் அத்தை படிக்கட்டும், அவள் பிள்ளைகள் படிக்கட்டும், பெரியப்பாவே கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. பாண்டியில், நம் ரெட்டியார்பாளையத்தில் பாதித் தெருவுக்கு விஷயம் எப்போதோ போய்விட்டது.

முதலில் நீ என்னிடம் என்ன கேட்டாய் என்பதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் வசதியாக மறப்பதில் நீ உன் அப்பாவைக் கொண்டிருக்கிறாய். "அம்மா, பெரியப்பா திருச்சிக்குப் போறப்ப விழுப்புரத்துல வண்டி மாறுவாரில்ல, அந்த நேரத்துல பவித்ராவ வெயிட்டிங் ரூமுக்கு வரச் சொல்லும்மா. அவரு ஒரு தடவ பாத்துட்டு சரின்னுட்டார்னா அப்புறம் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. கொஞ்ச நேரந்தாம்மா." இதுதான் நீ சொன்னது. "நீயே அவகிட்ட சொல்லேன்டா" என்றேன். "நான் சொன்னா கோவப்படுவாம்மா, நீ சொன்னா கேப்பா" என்றாய். கல்லூரிக் காலத்திலிருந்து விரும்புகிற பெண்ணிடம் ஒரு பேச்சைப் பேசத் தைரியமில்லாமல், அதைப் பேச அம்மாவை அனுப்புகிறாய். தைரியமில்லாததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அதை ஏதோ சாமர்த்தியம் மாதிரி சொன்னாய் பார், அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்கு எரிந்தது.

பெரியப்பாவுக்குப் பவித்ராவிடம் என்ன குறை? படிப்பா, வேலையா, குணமா? ஒன்றுமில்லை. வக்கான்ஸுக்கு, அதாவது நம்மவர்கள் லீவு என்று சொல்லாமல் வாய் நிறையச் சொல்லிக்கொள்கிற அந்த வக்கான்ஸுக்கு, வந்து இறங்கிய அன்றே நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "விழுப்புரமா? அது வண்டி மாத்துற ஊராச்சே. அங்க போயி யாராவது பொண்ணு எடுப்பாங்களா?" நான் அப்போது அவர் தட்டில் வஞ்சிரம் வைத்துக்கொண்டிருந்தேன். நான் எந்த ஊர்ப் பெண் என்று அவருக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். "உன் கத வேறம்மா, தம்பிக்கு அது போதும்னு பாத்தோம்" என்று எனக்குச் சமாதானமும் சொன்னார். பாண்டியிலேயே கிடக்கிற தம்பிக்கு விழுப்புரம் போதுமாம், பிரான்சுக்குக் கூட்டிப்போன தம்பி பிள்ளைக்குப் போதாதாம். உன் அப்பா சிரித்தார். அண்ணன் எது சொன்னாலும் சிரிப்பது அவருக்கு ஒரு வியாதி, அதற்கு மருந்து கிடையாது. மீன் நன்றாக இருக்கிறது என்று உன் பெரியப்பா இன்னொரு துண்டு கேட்டார், வைத்தேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு விழுப்புரம் ஜங்ஷன் என்றால் என்ன நினைப்பு என்று உனக்குத் தெரியாது. நீ விமான நிலையத்திலிருந்து நேராகக் கார் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் வருகிறவன். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் பாண்டிக்கு ரயில் வந்தது என்று உன் தாத்தா மார்தட்டுவார். வந்தது, யார் இல்லை என்றது? அது எங்கிருந்து வந்தது? இங்கிலீஷ்காரன் கையில் இருந்த விழுப்புரத்திலிருந்து. சென்னைக்குப் போகணுமா, திருச்சிக்குப் போகணுமா, கடலூர் மாயவரம் பக்கமா, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கா, எங்கே போவதானாலும் இந்தத் துரைமார்கள் விழுப்புரத்தில் வந்து பெட்டியை இறக்கி வைத்து நின்றால்தான் உண்டு. பாண்டியில் தண்டவாளம் கடலைப் பார்த்து முடிந்துபோகிறது. விழுப்புரத்தில் ஐந்து பக்கமும் கிளம்புகிறது. கரி இன்ஜின் காலத்தில் அங்கே பெரிய ஷெட் இருந்தது. ரயில்வே காலனியில் நாங்கள் கொடியில் துணி காயப்போட்டால் கரித்தூள் படியும், உதறிவிட்டுத்தான் மடிப்போம். சின்னப் பாதையைப் பெயர்த்து அகலப் பாதை போட்டபோது பாண்டி வண்டியே இல்லாமல் போனது. அப்போதும் நம்மவர்கள் பஸ் பிடித்து விழுப்புரம் வந்துதான் ரயில் ஏறினார்கள். எங்களுக்குப் பாண்டி இல்லாமல் ஒரு குறையும் வந்ததில்லை. உங்களுக்குத்தான் நாங்கள் இல்லாமல் நகர முடியாது. இருந்தும் அந்த ஊரில் பிளாட்பாரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறீர்கள். வாசல் வழியாக வெளியே வந்தால் தெரு இருக்கிறது, கடைவீதி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, மனிதர்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள் என்பதே உங்கள் குடும்பத்துக்குத் தெரியாது.

என்னை எப்படிப் பெண் பார்த்தார்கள் என்ற கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய், பெரியப்பா வாயால். கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் இலை போட்டவுடன் ஆரம்பிப்பார்: "வண்டி மாறுற நேரத்துல தம்பிக்குப் பொண்ணு பாத்து முடிச்சவன் நானு." எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சின்ன வயதில் சிரித்திருக்கிறாய். இப்போது என் வாயால் கேள். என் அப்பா ரயிலில் கார்டு வேலையில் இருந்தவர். மாப்பிள்ளையின் அண்ணன் பிரான்சிலிருந்து வந்திருக்கிறார், திருச்சியில் மாமியார் வீட்டுக்குப் போகிறார், ஊருக்குள் வர நேரமில்லை, பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்து காட்டுங்கள் என்று ஆள் வந்து சொன்னான். எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்து தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டாள். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் பாலம் ஏறி இறங்கினேன். மூட்டை தூக்கிக்கொண்டு போகிற ஜனமெல்லாம் நின்று பார்த்தது. அன்றைக்கு யூனிஃபாரம் இல்லாமல் வேட்டி கட்டி வந்த அப்பா எங்களுக்குப் பிளாட்பார டிக்கெட் எடுத்தார். "உங்கள யாரு கேப்பாங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "இன்னிக்கு நான் டூட்டியில இல்ல, பொண்ணப் பெத்தவனா வந்திருக்கேன்" என்றார்.

வெயிட்டிங் ரூமில் பெரியப்பா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உன் அப்பா பக்கத்தில் பெட்டிகளுக்குக் காவல். எதிரே ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு யாரோ ஒரு அம்மாள். நான் அவர்களுக்கு நடுவில் நின்றேன். "பிரெஞ்சு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "பரவால்ல, கத்துக்கலாம்" என்றார். அதற்குள் திருச்சி வண்டிக்கு அறிவிப்பு வந்துவிட்டது. கடித்த பஜ்ஜியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். வண்டியில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என் அப்பாவைப் பார்த்து, "சரி, முடிச்சிடுங்க" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது. என் அப்பா இரண்டு கைகளையும் கூப்பியபடி கூடவே நடந்தார். எத்தனையோ வண்டிகளுக்குப் பச்சைக் கொடி காட்டி அனுப்பிய மனிதர், அன்றைக்கு ஒரு ஜன்னலைக் கும்பிட்டுக்கொண்டு போனார். உங்களுக்கு அது சிரிப்பான கதை. எனக்கு அதில் சிரிக்க எதுவும் கிடைத்ததில்லை.

சரி, அது அந்தக் காலம் என்பாய். என் அப்பா செத்தது அந்தக் காலமில்லையே. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அன்றைக்குப் பெரியப்பா விழுப்புரத்தில்தான் இருந்தார், அதே வெயிட்டிங் ரூமில், அதே திருச்சி வண்டிக்காக. போனில் துக்கம் விசாரித்தார். "வண்டிக்கு நேரமாச்சும்மா, மனசத் தேத்திக்க" என்றார். பிறகு போர்ட்டர் ஒருவர் கையில் மாலை வந்தது. பாவம், அந்த மனிதர் வாசலில் நின்றுகொண்டு, "இத எங்கம்மா வைக்கணும்?" என்று கேட்டார். நான்தான் வாங்கி அப்பா காலடியில் வைத்தேன். நடந்தே வந்திருக்கலாம், போர்ட்டர் நடந்துதானே வந்தார். ஊர் ஊராகக் கோயில் சுற்றுவதற்கு நேரம் இருக்கிறவருக்கு, சம்பந்தி முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க நேரம் இல்லை. உன் அப்பா இதற்கும் ஒரு காரணம் சொன்னார், அது என்னவென்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீயும் ஒன்றும் சளைத்தவன் இல்லை. போன வருஷம் பாரிஸில் நீ தினமும் ரயில் மாறுகிற ஸ்டேஷனைப் படம் பிடித்து அனுப்பினாயே. பூமிக்கு அடியில் எத்தனை மாடி, எத்தனை நகரும் படிக்கட்டு, கடைகள், பியானோ வாசிக்கிற பையன் என்று உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கோடிக்கணக்கான பேரோட வாழ்க்க இதுல ஓடுதும்மா" என்று தத்துவம் வேறு. விழுப்புரத்திலும் நகரும் படிக்கட்டு வந்துவிட்டது மகனே, லிஃப்டும் இருக்கிறது, டீயும் கிடைக்கிறது. சித்தாளும், காலேஜ் பிள்ளைகளும், கடலூர்ப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மாக்களும் அங்கேதான் வண்டி மாறுகிறார்கள். நீ மாறினால் அது நாகரிகம், அவர்கள் மாறினால் 'வண்டி மாத்துற ஊரு'. உன் பெரியப்பாவாவது மனதில் இருப்பதை வெளியே சொல்லிவிட்டார். நீ அதையே பட்டுத் துணியில் சுற்றிக் கொடுக்கிறாய்.

திட்டிக்கொண்டே இருந்தாலும் நீ சொன்னபடி போனேன். பெற்ற பாசம் அப்படிப்பட்டது, என்னைச் சொல்லணும். வில்லியனூரில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, வாசல் வழியாக வெளியே வந்து, பவித்ரா வீட்டுக்கு நடந்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், கையில் சாக்பீஸ் மாவுகூடப் போகவில்லை. அவள் அம்மா காபி போட உள்ளே போனாள். நல்லவேளை என்று அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் நாக்கு எனக்கே பிடிக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. "இது அவங்க பெரியப்பா கேட்டதா, இல்ல அவரு கேட்டதா ஆன்ட்டி?" என்றாள். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். "பெரியப்பா சொன்னாரு, அவன் எங்கிட்ட கேக்கச் சொன்னான்" என்றேன். அவள் கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அதற்கு முந்தின நாள் ராத்திரிகூட நீ அவளோடு பேசியிருக்கிறாய், பாரிஸில் மழை பெய்கிறது என்று சொல்லியிருக்கிறாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"டெய்லி அந்த ஸ்டேஷன்ல பாண்டி வண்டி புடிச்சுத்தான் காலேஜுக்கு வந்தேன். அங்க வந்து நிக்கறதுல எனக்கொண்ணும் வெக்கம் இல்ல ஆன்ட்டி" என்றாள். "ஆனா என்னப் பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வரணும். எங்கப்பா தூக்குல பலகாரம் எடுத்துக்கிட்டு பிளாட்பாரத்துல நிக்க மாட்டாரு." என் கதையை அவளிடம் யார் சொன்னது? நீதான் சொல்லியிருக்கிறாய், அதுவும் வேடிக்கையாக. எனக்கு முகம் சுருங்கிப்போனது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "பெரியப்பா வராட்டிப் போவட்டும் ஆன்ட்டி. உங்க புள்ள வருவாரா?" நான் வாயைத் திறந்தேன். வருவான் என்று சொல்லத்தான் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அதற்குள் அவள் அம்மா காபியோடு வந்துவிட்டாள், மூன்று பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம். உன்னைப் பெற்று இத்தனை வருஷமாக வளர்த்தவளுக்கு, நீ என்ன செய்வாய் என்ற சின்னக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. நீ எனக்குக் கொடுத்திருக்கிற இந்த மரியாதையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அடுத்து நடந்ததைப் பெரியப்பா உனக்கு அவர் பாணியில் சொல்லியிருப்பார், அதனால்தான் 'ஏம்மா இப்படி' என்று வந்தது. நடந்தது இவ்வளவுதான். அவர் திருச்சிக்குக் கிளம்பிய அன்று நான் முன்கூட்டியே போய் அந்த வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்தேன். அவரும் பெரியம்மாவும் பெட்டிகளோடு வந்தார்கள். காரில் ஏறினால் அவருக்குக் குமட்டும், அதனால்தான் இந்த வயதிலும் ரயில், அதைக்கூட இந்திய ரயிலின் மேல் வைத்திருக்கும் அபிமானம் என்று சொல்லிக்கொள்வார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொண்ணு எங்கம்மா?"

"வீட்ல இருக்குது மாமா. வாங்க, போயி பாத்துட்டு வந்துடலாம். வெளிய ஆட்டோ நிக்குது, உங்க வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குது."

"இங்க வரச் சொல்லித்தான சொன்னேன்?"

"வர மாட்டா மாமா."

அவருக்கு முதலில் புரியவேயில்லை. அப்படி ஒரு வார்த்தையை அவர் நம் வீட்டில் கேட்டதில்லை. "உன்ன எங்க பாத்தோம்? இதே ரூம்ல பாக்கல? நீ வந்து நிக்கல?" என்றார்.

"நின்னேன் மாமா. நின்னதாலதான் சொல்றேன், அந்தப் பொண்ணு நிக்கக் கூடாது."

பெரியம்மா, இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் தண்ணீர் வேண்டுமா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டு நான் பார்க்காத பெரியம்மா, "நான் வேணா போயி பாத்துட்டு வரட்டுமாங்க?" என்று பாதி எழுந்தாள். "உக்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம். பையங்கிட்ட நான் பேசிக்கிறேன், அவன் என் பேச்சத் தட்ட மாட்டான்" என்றார். அவர் சொன்னதிலேயே என்னைச் சுட்டது அந்தக் கடைசி வார்த்தைதான், ஏனென்றால் அது உண்மையாக இருக்குமோ என்று பயந்தேன். வண்டி வந்தது, ஏறிப் போனார்கள். ஜன்னல் பக்கம் நான் போகவில்லை.

இப்போது உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். பெரியப்பா உனக்குச் செய்ததை நான் மறக்கச் சொல்லவில்லை. வேலைக்கு வழி காட்டினார், தங்க இடம் கொடுத்தார், ஊர் பழக்கினார். அதற்கு ஆயுசு முழுக்க நன்றியோடு இரு, காலில் விழு, வயதான காலத்தில் தாங்கு. ஆனால் நன்றிக்கு அடையாளமாக அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோய்ப் பிளாட்பாரத்தில் நிறுத்தாதே. கொடுப்பதானால் உன்னுடையதைக் கொடு. மாடி அறையைக் காலி செய்யச் சொல்வாரா? செய். சம்பாதிக்கிறவன்தானே, அந்தப் பெரிய ஊரில் உனக்கு ஒரு அறை கிடைக்காதா? உன் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை, மற்றவர்கள் சொல்வது போலத் தங்கமான மனிதர். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரே ஒரு தடவை சிரிக்காமல் இருந்திருந்தால் போதும், நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீ அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொண்டு அவளோடு குடும்பம் நடத்தப் போகிறாய் என்றால், இப்போதே விட்டுவிடு. அவளுக்கு நல்ல இடம் கிடைக்கும். நானே தேடுவேன்.

அடுத்த மாதம் நீ வருகிறாய். இந்தத் தடவை கார் வேண்டாம், சென்னையிலிருந்து ரயிலில் வா, விழுப்புரத்தில் இறங்கு. பாண்டி வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கும். பெரியப்பா அதற்குள் திருச்சியிலிருந்து திரும்பியிருப்பார், நம் வீட்டுக் கூடத்தில் உனக்காகக் காத்திருப்பார். நீ அந்த வண்டியில் ஏறினால் தப்பில்லை, யாரும் உன்னைத் திட்டப் போவதில்லை. அப்பா ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார், உன் அறை பெருக்கித் துடைத்திருக்கும், சாப்பாட்டுக்கு உன் அத்தை இருக்கிறாள். நான் மட்டும் அங்கே இருக்க மாட்டேன். அன்றைக்கு நான் விழுப்புரத்தில் பவித்ரா வீட்டில் பெண் வீட்டாரோடு உட்கார்ந்து, மாப்பிள்ளை வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா